எதிர்த்துப் பேச ஓர் ஆள்

"நீ சொல்றதுதான் சரி, தலைவி" என்று டிரம்ஸ்காரர் சொன்னபோது அக்காவின் முகம் அப்படியே விழுந்துபோனதை நான் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி பார்த்தேன். அந்த மனுஷர் அக்காவிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "உனக்கு மூளை கழண்டுபோச்சா", "காதுல பஞ்சு வச்சிருக்கியா", "போதும், வாய மூடு" என்பவைதான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூடத்தில் கேட்கிற பேச்சு. கிடார்காரர் வேறு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்டினார், "ஆமா ஆமா, நானும் யோசிச்சுப் பார்த்தேன், தலைவி சொல்றதுல நியாயமிருக்கு" என்று.

அவர்களுடைய சண்டை எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள். பெண் ஒருத்தி முன்னால் நின்று பாடுகிற ராக் குழுக்களில் உலகத்திலேயே பெரியது எது என்பதுதான். அக்காவும் இவர்கள் குழுவில் அப்படி முன்னால் நின்று பாடியவள். வாரம் முழுக்க டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்து "கிளட்ச மிதி, ஐயோ, கிளட்ச மிதி!" என்று கத்திக் கற்றுக்கொடுப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஓட்டலிலோ கல்லூரியிலோ மேடையேறுவாள். டிரம்ஸ்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், கிடார்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிறு காலையில் எங்கள் வீட்டில் ஒத்திகை என்று பேர், ஒத்திகையைவிடச் சண்டைதான் அதிக நேரம் நடக்கும். பாடகிகளுடைய நிஜப்பெயர் எதுவும் என் வாயில் நுழையாது. நல்லவேளையாக இவர்களும் பட்டப்பெயர்தான் சொல்வார்கள். வெறுங்கால்காரி, வெள்ளைமுடி, அழுமூஞ்சி என்று தெருச்சண்டைக்காரிகளைச் சொல்வது மாதிரி. அக்கா வெறுங்கால்காரி கட்சி. மேடையில் செருப்பில்லாமல் நின்று பாடுவாளாம், கிடார் எல்லாம் அவள் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி ஓடிவருமாம். டிரம்ஸ்காரருக்கு வெள்ளைமுடியைச் சொன்னால் உயிர். கிடார்காரர் வாரத்துக்கு ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு வருவார், வந்து இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார். அழுமூஞ்சிக்கு மட்டும் கட்சியே கிடையாது. சண்டைக்கு இருந்த ஒரே சட்டம், தங்கள் குழுவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது. அக்கா போட்ட சட்டம். "நம்மள நாமே மெச்சிக்கிட்டா உருப்படவே மாட்டோம்" என்பாள்.

நான் பக்கத்து அறையில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். அதனால் அக்கா எனக்கு வைத்த பெயர் ஊசி. அந்தப் பாட்டெல்லாம் எனக்குக் காட்டுக்கத்தல். கதவைச் சாத்திக்கொண்டுதான் தைப்பேன். சாத்தினால் மட்டும் விட்டுவிடுமா, சுவர் வழியாக வரும்.

தொண்டையில் வந்தது அவளுக்கு. எத்தனையோ பேருக்கு எங்கெங்கோ வருகிறது, இவளுக்குப் பார்த்து அங்கே வந்தது. கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாகத்தான் இனிமேல் மூச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பின்னாடி ஒரு கருவி வச்சுப் பேசப் பழகிக்கலாம்மா" என்றார். பாட முடியுமா என்று அக்கா கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் மேசைமேல் கிடந்த பேனாவை நேராக எடுத்து வைத்தார். வீக்கம் கூடினால் மூச்சு முட்டும், ஆபரேஷன் வரைக்கும் தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் நான் போலீஸ்காரி. யார் வந்தாலும் உதட்டில் விரலை வைப்பேன். அக்கா வாயைத் திறந்தால் முறைப்பேன். அவளிடம் மிச்சமிருந்தது கரகரவென்று கொஞ்சம் குரல், அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். எதற்காகப் பத்திரமாக வைப்பது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வியாழக்கிழமை வெட்டி எடுக்கப்போவதே அதைத்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அது. காவலுக்காக என் அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். இரண்டு பேரும் சத்தமில்லாமல் படியேறி வந்தார்கள். கையில் பழம். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். அக்காதான் ஆரம்பித்தாள். "வெறுங்கால்காரிதான் முதல். வெள்ளைமுடி குரல் வெறும் தகரம்" என்றாள், வேண்டுமென்றே. அதற்குத்தான் டிரம்ஸ்காரர், நீ சொல்றதுதான் சரி என்றார். அக்கா விடவில்லை. "வெள்ளைமுடிக்குத் தாளமே நிக்காது" என்றாள். பழைய டிரம்ஸ்காரராக இருந்தால் நாற்காலியைத் தூக்கியிருப்பார். "இருக்கலாம்" என்று எச்சிலை விழுங்கினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அதெல்லாம் விடு தலைவி. என்னைக் கேட்டா முதலிடம் உனக்குத்தான். அவளுங்க எல்லாருமே உனக்கு அப்புறம்தான்."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷர், நெஞ்சிலிருந்துதான் சொன்னார். ஆனால் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஊசி, கேட்டியா? எனக்கு இரங்கல் கூட்டம் நடத்துறாங்க" என்றாள். அவள் முதுகு குலுங்கியதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா, தெரியாது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்து நின்றேன்.

"இவளுக்கா முதலிடம்? நல்லாருக்கே கதை! மேல போற இடத்துலயெல்லாம் சுருதிய விட்டுடுவா. நான் சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து கேக்காததா? அந்த வெறுங்கால்காரி இவளைவிட மோசம். பாடறதே இல்ல, மூச்சுதான் விடறா. முதலிடம் அழுமூஞ்சிக்குத்தான்."

அக்கா மெதுவாகத் திரும்பினாள்.

"உனக்கு என்னடி தெரியும்? திரைச்சீலைக்கு மடிப்பு வைக்கறவ நீ."

"மடிப்பு வைக்கறவளுக்குக் காது கிடையாதா?"

"அழுமூஞ்சியாம் அழுமூஞ்சி! தூங்கப்போற குழந்தைக்குப் பாடறவ அவ."

"ஒரு பாட்டுல எல்லா வாத்தியமும் நின்னு, அவ மட்டும் பாடுவா இல்ல? அந்த இடம் வரும்போதெல்லாம் என் மெஷினும் நிக்கும். உன் வெறுங்கால்காரிக்கு என் மெஷின் ஒரு தடவையாவது நின்னிருக்கா, சொல்லு!"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அக்கா வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். கிடார்காரர் பதறிப்போய், "தங்கச்சி, அவ பேசக் கூடாதுல்ல" என்று உதட்டில் விரல் வைத்தார், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"பேசட்டும்!" என்று கத்தினேன். "நல்லாப் பேசட்டும்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. மெஷின் நின்றால் முதலிடமா, அப்படியென்றால் கரண்ட் போனால் யாருக்கு முதலிடம் என்று டிரம்ஸ்காரர் எகிறினார். வெள்ளைமுடியைத் தகரம் என்று சொன்னதற்கு அக்கா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். கிடார்காரர் யாரோ புதிதாக ஒரு பெண்ணைச் சொன்னார், மூன்று பேருமாகச் சேர்ந்து அவரை உட்கார வைத்தோம். அக்காவின் குரல் கரகரத்து, கிழிந்து, நடுநடுவே காணாமல் போய், மறுபடி வந்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் "பேசிப் பிரயோஜனமில்ல, வெறுங்கால்காரி மேல போற இடத்துல எப்படிப் போவான்னு காட்டறேன்" என்று அக்கா எழுந்து நின்றாள். செருப்பை உதறினாள். பாடினாள்.

கீழே நன்றாகத்தான் இருந்தது. மேலே போக வேண்டிய இடத்தில் குரல் வரவில்லை. வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது. கிடார்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அக்கா நின்றுகொண்டே எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். யாராவது அருமை என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு உயிரே போயிற்று.

"எட்டலை" என்றார் டிரம்ஸ்காரர். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "உனக்கு அந்த இடம் என்னைக்குமே எட்டினதில்ல."

"அப்பாடா" என்று அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். "இப்பதாண்டா மனுஷனாட்டம் பேசற."

அதற்குப் பிறகு அவள் அவ்வளவு பேசவில்லை. பேச முடியவில்லை. வியாழக்கிழமை வார்டு வாசலில் என் கையைப் பிடித்து, "அழுமூஞ்சிக்குப் போய் ஓட்டுப் போட்டியேடி, பாவி" என்றாள். நான் கடைசியாகக் கேட்ட அவள் குரல் அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு, கழுத்துத் துணி, குழாய், சளி உறிஞ்சும் மெஷின் என்று எங்கள் நாட்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன. மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். நான் தைக்கும் அறைக் கதவைச் சாத்தவில்லை. அக்கா கையில் ஒரு டம்ளரும் ஸ்பூனும் கொடுத்திருந்தேன், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தட்டுவதற்கு. அவர்களும் சத்தமாகத்தான் சண்டை போட்டார்கள். வழக்கத்தைவிடவே சத்தம். அக்காவின் இடத்தையும் சேர்த்து நிரப்பப் பார்த்தார்கள் போல. அவள் தட்டினாள், தட்டினாள். எதற்குத் தட்டுகிறாள், என்ன காரணம் வைத்திருக்கிறாள் என்பது யாருக்கும் தெரியவில்லை. சண்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

அக்கா ஸ்பூனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். முகத்துக்குப் பக்கத்தில் போனேன். உதடு வேகமாக அசைந்தது. நீளமாக ஏதோ சொன்னாள், புருவத்தைத் தூக்கி, விரலை ஆட்டி, வழக்கு முடிந்தது என்கிற மாதிரி. எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தும் புரியவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவர்கள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சரி சரி என்று தலையை ஆட்டிவிடலாம், அதுதான் சுலபம்.

"தப்பு" என்றேன். "நீ சொல்றது சுத்தத் தப்பு, அக்கா."

அவள் என்னையே பார்த்தாள். தோள் குலுங்கியது. கழுத்திலிருந்த துணி மூச்சுக்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு கையை நீட்டி ஸ்பூனை எடுத்தாள்.