சோமசேகரத்தின் பெயரில் ஒரு மதுவம்

என் கணவர் சோமசேகரத்துக்கு வாய் சும்மா இருக்காது. அவருடைய பெயரை ஒரு மதுவத்துக்கு வைக்கப்போகிறேன் என்று நான் சொன்ன அன்றே மானிப்பாய்ச் சந்தி முழுக்கத் தெரிந்துவிட்டது. மதுவம் என்றால் பாண் மாவைப் பொங்கவைக்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர். அதை அவர் யாருக்கும் விளங்கப்படுத்தவில்லை. "சயன்ஸ் புத்தகத்திலை என்ரை பேர் வரப்போகுது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தார். தன் அக்கா சிவக்கொழுந்திடம் இதைச் சொல்லவென்றே ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டார்.

அவர் வேலை பார்த்தது ஒரு பழச்சாறுத் தொழிற்சாலையில். வெளிநாட்டுப் பழரசம் எதுவும் நாட்டுக்குள் வராத காலம் அது. புத்தகங்கள் திராட்சை என்று சொல்கிற எங்கள் முந்திரிகைப் பழத்தைப் பிழிந்து, போத்தலில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். பிழிந்த தோலும் விதையும் பின்பக்கத்துக் குழியில் கிடந்து நாறும். அந்தப் பக்கத்தால் போகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் வட்டுக்கோட்டைக் கல்லூரியில் தாவரவியல் படிப்பிக்கிறவள். எனக்கு அந்த நாற்றம்தான் பிடித்துக்கொண்டது. அவர் சைக்கிளில் வாளியைத் தொங்கவிட்டு அந்தச் சக்கையைக் கொண்டுவருவார்.

"இஞ்சேரும், மற்ற மனுசர் பெண்சாதிக்குப் பூ வாங்கிக்கொண்டு போறாங்கள். நான் குப்பை காவுறன்."

"பூவிலை என்ன கிடக்குது? நீங்கள் குப்பையைக் கொண்டுவாங்கோ."

அந்தக் குப்பையிலிருந்துதான் அது கிடைத்தது. எந்தச் சீனியைத் தின்னும், எதைத் தொடாது, எந்தச் சூட்டில் வளரும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அறிந்த எந்த இனத்தோடும் அது ஒத்துவரவில்லை. பிடிவாதம் பிடித்த சாமான். ஒல்லாந்தில் மதுவங்களைச் சேர்த்துவைக்கிற ஓர் இடத்துக்கு எழுதினேன். புதிது போலத்தான் இருக்கிறது, அதற்குள் உருவாகிற, விதை போன்ற வித்தியின் வடிவத்தைப் பார்த்து எழுதுங்கள், உயிருள்ள வளர்ப்பும் எங்கள் கைக்கு வர வேண்டும், அப்போதுதான் பெயர் நிற்கும் என்று பதில் வந்தது.

கல்லூரியில் அதை வளர்த்துவைத்திருந்த குழாய்களில் பூஞ்சணம் விழுந்து எல்லாம் பாழாய்ப்போயின. மிஞ்சியவை வீட்டில் இருந்தவைதான். குளிர்ப்பெட்டி வாங்க எங்களுக்கு எங்கே வழி? அடுப்புச் சூடு படாத குசினி மூலையில் ஒரு மண்பானைக்குள் ஈரமணல் நிரப்பி, அதற்குள் குழாய்களைச் செருகி வைத்திருந்தேன். வித்தியைக் கண்டதும் பார்சல் கட்டுவது என்று இருந்தேன்.

அந்தக் கிழமைதான், தொழிற்சாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார். வாய் ஓயாத மனிதர் எனக்கென்று ஒரு சொல்லும் சொல்லாமல் போனார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்களுக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. பெயராவது இருக்கிறது, அதை நான் நிறுத்திவிடுவேன் என்ற ஒன்றைத்தான் அன்று முழுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிரேதம் படலை தாண்டியதும் பெண்கள் வீடு கழுவுவார்கள். பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றிவிடுவார்கள், ஆக்கிய சோறு கறி வெளியே போகும், மண்பானை சட்டி ஒன்றும் மிஞ்சாது. இதை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் உள்ளறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த நாள் காலை பின் முற்றத்துக்குப் போனேன். சுளகில் என் சோதனைக் குழாய்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அவை அப்படி மினுங்கி நான் ஒருநாளும் கண்டதில்லை. மச்சாள் சிவக்கொழுந்து பக்கத்தில் காவல் இருந்தா.

"பானையைத்தான் எறிஞ்சது பிள்ளை. உன்ரை கண்ணாடிச் சாமான் ஒண்டையும் நான் உடைய விடேல்லை. உள்ளுக்கை ஏதோ வெள்ளையாய்ப் பிடிச்சுக் கிடந்தது. கொதிதண்ணி ஊத்தி, சாம்பல் போட்டு, நானே கழுவினனான். மற்றப் பெண்டுகளிட்டைக் குடுக்கேல்லை."

தம்பியைப் பறிகொடுத்த மனுஷி. அழுது அழுது கண் வீங்கிப்போய் இருந்தா. அந்த நிலையிலும் என் சாமான் உடையக்கூடாது என்று பார்த்திருக்கிறா. "நல்லது மச்சாள்" என்றேன். பிறகு கிணற்றடிக்குப் போய்த் தொண்டை கிழிய அழுதேன். புருஷனுக்கு அழுகிறாள் என்று எல்லாரும் பேசாமல் விட்டுவிட்டார்கள்.

செத்தவீட்டுத் துடக்குக் கழிந்ததும் தொழிற்சாலைக் குழிக்குப் போனேன். முந்திரிகைக் காலம் முடிந்து சக்கை மக்கிக் கிடந்தது. அகப்பட்டதெல்லாம் யாரும் அறிந்த பழைய இனங்கள். அடுத்த காலத்தில் பார்ப்போம் என்று இருந்தேன். அதற்குள் ஆட்சி மாறி, வெளிநாட்டுப் பழரசம் வந்து கடைகளில் குவிந்தது. தொழிற்சாலையைப் பூட்டினார்கள். தோட்டக்காரர் பந்தல்களைப் பிரித்துவிட்டு வெங்காயம் நட்டார்கள். பிறகும் எங்கெங்கோ தேடினேன். அது இல்லை. உயிருள்ள வளர்ப்பு இல்லாமல் பெயரும் இல்லை.

மச்சாளுக்கு மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு திவசத்துக்கும் வந்து, "தம்பி தன்ரை பேரிலை ஏதோ வருமெண்டு சொன்னவன், வந்திட்டுதோ?" என்று கேட்பா. "வரும் மச்சாள்" என்பேன்.

போன மாதம் அவவுக்கு வருத்தம் கடுமையாகிவிட்டது. பார்க்கப் போனேன். கட்டிலில் கிடந்தபடி அதையேதான் கேட்டா.

"வந்திட்டுது மச்சாள்."

"மெய்யாயோ?"

"ஓம். புத்தகத்திலை போட்டாச்சு."

"அது ஏதோ உயிருள்ள சாமானெண்டு சொன்னவன். இப்பவும் உயிரோடை இருக்குதோ?"

ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதுகிற பிள்ளைக்கு நான் ஒரு புள்ளியும் போடுவதில்லை.

"இருக்குது மச்சாள். ஒல்லாந்திலை கவனமாய் வைச்சிருக்கினம்."

மச்சாள் என் கையைப் பிடித்தா.

"உயிருள்ளதெண்டால் சாப்பாடு வேணுமெல்லே. வேளைக்குக் குடுக்கச் சொல்லி அவையளுக்கு எழுது பிள்ளை. அவன் பசி தாங்கமாட்டான்."

"எழுதுறன் மச்சாள்" என்று சொல்லி, அவவுக்கு முன்னால் முதல் தரமாக வாய்விட்டு அழுதேன்.