அடுத்தவர் அழுக்கு

மணல் போகவே இல்லை. காதுமடலுக்குப் பின்னால், உள்ளாடை ஓரத்தில், பல்லிடுக்கில், எங்கே தொட்டாலும் நறநறத்தது. வாடகைக்கு எடுத்த முதுகுப்பையின் பட்டையில் யார் யாருடைய வியர்வையோ ஊறிக் கிடந்தது. வெயில் ஏற ஏற அது மூத்தவளுடைய வியர்வையோடு சேர்ந்து புளித்தது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும், முன்பின் தெரியாத ஒருவன் பின்னாலிருந்து கட்டிக்கொள்வதுபோல் அவளுக்கு உடம்பு கூசியது.

இத்தனைக்கும் அவள் லேபில் வேலை பார்ப்பவள். பொழுது விடிந்தால் ஊராருடைய சிறுநீரும் மலமும்தான். டப்பாவைத் திறந்து, குச்சியால் கிளறி, கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவாள். "உங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள்.

தங்கை வேறு ரகம். பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்ற வரும் ஆட்களைக் கடற்கரை கடற்கரையாக நடத்திப் போய், கூடாரத்தில் தங்கவைத்து, கடைசியில் தீவிலுள்ள முகாமுக்குப் படகில் கூட்டிப்போவது அவள் வேலை. வழுக்குப் பாறைகளில் கைபிடித்துக் கடத்திவிட்டாள். கால் சுளுக்கியவனைத் திட்டிக்கொண்டே சிரிக்க வைத்தாள். யாரோ குடித்துவிட்டுக் கூடாரத்துக்குள்ளேயே எடுத்த வாந்தியைக் காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு கழுவினாள்.

மூத்தவளுக்கு நிஜமாகவே குமட்டியது அப்போதுதான். வாந்தியைப் பார்த்து அல்ல, பாட்டைக் கேட்டு.

அம்மா படுத்த படுக்கையாகி இரண்டு வருடம். ஆரம்பத்தில் ஒருநாள் மூத்தவள் வேலையிலிருந்து வரத் தாமதமாகி, அம்மாவைத் துடைத்துவிடும் வேலை தங்கையிடம் வந்தது. வந்து பார்த்தால் தங்கை தெருவில் நின்றுகொண்டிருக்கிறாள். "என்னால முடியாதுக்கா. அருவருப்பா இருக்கு." அந்த மாதமே இந்த வேலையைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இப்போது அம்மாவோடு சித்தி இருக்கிறாள். தன் மகளுடைய பிரசவத்துக்கு அவளும் போயாக வேண்டும். அதற்குள் தங்கையை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாதிப் பாரத்தையாவது அவள் தலையில் இறக்கிவிட வேண்டும் என்றுதான் மூத்தவள் வந்தாள். "தீவு வரைக்கும் எங்களோட வா, அங்க போய்ப் பேசிக்கலாம்" என்று தங்கை சொன்னதை நம்பித்தான் இந்த நாற்றத்தை முதுகில் சுமந்தாள்.

தீவுக்குப் போகும் படகை அலை தூக்கித் தூக்கிப் போட்டது. டீசல் புகை முகத்தில் அடித்தது. எதிரே ஒருவன், எண்ணெய் பூசிய வெற்று மார்போடு, வெயிலில் உரிந்த தோலை நகத்தால் பிய்த்துப் பிய்த்துக் கடலில் போட்டுக்கொண்டிருந்தான். மூத்தவளுக்குத் தலையை வெளியே நீட்டக்கூட நேரமில்லை. மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

எங்கிருந்தோ தங்கை வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அப்படியே குனி." ஈரத் துணியால் வாய், கழுத்து, விரலிடுக்கு என்று துடைத்தாள். முகம் கொஞ்சம்கூடச் சுளிக்கவில்லை.

"நல்லாப் பழகியிருக்கடி" என்றாள் மூத்தவள்.

"பின்ன? நீயாவது மடியில எடுத்த. போன வாரம் ஒருத்தர் என் தலையிலயே அபிஷேகம் பண்ணிட்டார்."

"அம்மாவுக்கு மட்டும் ஏன்டி முடியல?"

தங்கையின் கை நின்றது. "இவங்கள்லாம் யாரோக்கா. கழுவி ஊத்திட்டா மறந்துடுவேன். அன்னிக்கு அம்மா என் மூஞ்சியவே பார்த்துட்டிருந்தாங்க. வெட்கப்பட்டாங்க. எனக்கு அவங்க மேலயே அருவருப்பு வந்துடுச்சு. பெத்த அம்மா மேல." துணியைக் கடலில் அலசிப் பிழிந்தாள். "உனக்கு அதெல்லாம் வராது. நீ வேற மாதிரி."

லேபில் டப்பாவின் மேல் எண் இருக்கும், முகம் இருக்காது. வீட்டில் அம்மாவுக்குத் துடைத்து முடிக்கும்வரை மூத்தவள் மூச்சை அடக்கிக்கொள்வாள். பிறகு குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஓங்கரிப்பாள். தினமும். வெளியே வந்தால் பக்கத்து வீட்டுக்காரி, "உன்ன மாதிரி ஒரு பொண்ணு கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்பாள். இந்தச் சிறுக்கி முடியாது என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்க வந்துவிட்டாள். அந்த வார்த்தையைத் தானும் சொல்லலாம் என்று இவளுக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் காலை படகு திரும்பக் கிளம்பத் தயாராக நின்றது. பயணிகள் ஏறிவிட்டார்கள். அடுத்த நடை தொடங்கும்வரை தீவு முகாமிலேயே தங்கிவிடும் தங்கை, அக்காவை வழியனுப்பக் கரையில் நின்றாள்.

"நான் வரலக்கா. ஒரு ஆள் வச்சுக்கோ. திட்டணும்னா திட்டிட்டுப் போ."

மூத்தவள் முதுகுப்பையைக் கழற்றி அவள் கையில் திணித்தாள். "நீ போ. நான் இங்க இருக்கேன்."

"விளையாடாத."

"தினமும் வாந்தி எடுத்துட்டுத்தான்டி வேலைக்குப் போறேன். எனக்கும் அருவருப்பா இருக்கு. என்னாலயும் முடியாது."

"நீயா?"

"ஏன், நீ மட்டும்தான் சொல்லணுமா?"

படகுக்காரர் பொறுமையிழந்தார். "யாராவது ஒருத்தர் ஏறுங்கம்மா!" கரையில் நின்ற முகாம் நடத்துபவர் தோளைக் குலுக்கினார். "கூடாரம் கழுவ ஆள் இருந்தா சரி. அக்கா என்ன, தங்கச்சி என்ன."

"சித்தி போயிட்டா அம்மா தனியாக் கிடப்பாங்கக்கா!"

"ஆமா. கிடப்பாங்க."

சொன்ன நாக்கை அறுத்து எறியலாம் போலிருந்தது மூத்தவளுக்கு. தன்மேலேயே அப்படியொரு அருவருப்பு. ஆனாலும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

தங்கை பையை முதுகில் மாட்டிக்கொண்டாள். பிறகு வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே தண்ணீரில் இறங்கி, படகில் ஏறினாள். திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்தாள். படகு கொஞ்சதூரம் போனதும் எழுந்து நின்றாள்.

"அக்கா! எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கணும்?"

"இடது பக்கம்!" மூத்தவள் முழங்காலளவு தண்ணீருக்குள் ஓடினாள். "வலது இடுப்புல புண்ணு! சீழ் வச்சிருக்கு! அழுத்தித் துடைக்காத!"

படகிலிருந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கோணின. தொப்பி போட்ட ஒரு பெண் வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கை இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள்.

"எதால துடைக்கணும்?"