எல்லோருக்கும் ஒரே கை

கண்ணாடியின் அடியில் அரை வட்டமாக வெட்டியிருந்த ஓட்டை வழியே முதலில் ஒரு விண்ணப்பப் படிவம் உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே, மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்பெல்லாம் வெளுத்துப்போன ஒரு ஜெராக்ஸ் தாளும் வந்தது. பூங்கோதை படிவத்தைத்தான் முதலில் எடுத்தாள். கப்பல் டிக்கெட் கவுண்டரில் பதினெட்டு வருடப் பழக்கம். பெயர் பானுமதி, வயது முப்பத்தெட்டு, ஷாதிபூர், சென்னைக் கப்பல், அடுக்குப் படுக்கை கொண்ட பங்க் வகுப்பு, ஒருவர். எல்லாம் சரியாக இருந்தது. பிறகுதான் அந்தத் தாளைப் பார்த்தாள். அது அவள் வரைந்தது.

"இது நீங்க போட்டதுதானே மேடம்?"

ஆறு வருடமாக அவள் 'உப்புத் தடயம்' என்ற கொலைக்கதையைப் படங்களாக வரைந்துகொண்டிருக்கிறாள். கதை, படம், எழுத்து எல்லாம் அவளேதான். பதினாறு பக்கம், கறுப்பு வெள்ளை. அபர்தீன் பஜாரில் முனியாண்டியின் ஜெராக்ஸ் கடையில் அறுபது பிரதி எடுத்து அங்கேயே வைத்துவிடுவாள். கப்பல் சிப்பந்திகள் சிலர் தள்ளியிருக்கும் தீவுகளுக்கு, கார் நிக்கோபாருக்கும் திக்லிபூருக்கும் கொண்டுபோவார்கள். தன் பெயரைப் போடுவதில்லை. வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்ட ஒரு சப்-இன்ஸ்பெக்டர் துப்புத் துலக்குகிறார். கப்பலேறினால் வாந்தி எடுப்பவர். கொலைகள் எல்லாம் உச்சிப் பகலில் நடக்கும், ஏனென்றால் இந்த ஊரில் அவள் பயப்படுவது வெயிலுக்குத்தான். நிழல்கள் தகரக் கூரைக்கு அடியிலும் படகுத்துறை ஜெட்டித் தூண்களின் காலடியிலும் சுருண்டு கிடக்கும். அந்தக் கறுப்பைப் பூசினால் காய இரண்டு நாளாகும். மழைக்காலத்தில் அதற்குள்ளும் காயாது; பழைய துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை மேலாக ஓட்ட வேண்டும். விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு இதழ் முடிந்ததும் நினைப்பாள். விடுவதற்கும் ஏதோ ஒரு தெம்பு தேவைப்பட்டது, அது அவளிடம் இல்லை.

"யார் சொன்னாங்க உங்ககிட்ட?"

"யாரும் சொல்லல. அந்த ஜெராக்ஸ் கடை அண்ணன் வாயே தொறக்கல. நானே பாத்துப் பாத்துக் கண்டுபிடிச்சேன். எல்லா மூஞ்சியும் குனிஞ்சு நிக்குது. நெத்தி பெருசா, தாடை சின்னதா. இப்படிக் கூனிக்கிட்டு ஊர்ல யாரு நிப்பா? இந்த ஓட்டைக்கு முன்னாடிதான் எல்லாரும் நிப்போம்."

சொல்லும்போது அவளும் குனிந்துதான் நின்றாள். நெற்றி பெரிதாக, பொட்டு வியர்வையில் பாதி கரைந்து. பூங்கோதைக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. தன் கதையில் வரும் சப்-இன்ஸ்பெக்டர் இவ்வளவு சுருக்காக எதையும் கண்டுபிடித்ததில்லை.

"இந்த ஆளு என் வீட்டுக்காரர். சந்திரன்." பானுமதியின் விரல் தாளில் இருந்த கொலைகாரனின் முகத்தைத் தொட்டது. "பக்கத்து வீட்டு ரூபாதான் கொண்டுவந்து, 'தேக்கோ தீதி, பாருங்கக்கா, உங்க ஆளு கொலை பண்றாரு'ன்னு சொன்னா. அவளுக்குச் சிரிப்பு."

முகங்களுக்குப் பூங்கோதை ஒரு விதி வைத்திருந்தாள். தீவில் யாரை வரைந்தாலும் அவர் யாருக்காவது சித்தப்பாவாக இருப்பார். ஆகவே, மெயின்லேண்டுக்கே போய்விடுகிறவர்களின் முகங்களை மட்டும் எடுத்துக்கொள்வாள். லக்கேஜ் எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்பவர்கள் திரும்பி வருவதில்லை, அதுதான் அடையாளம். அவர்கள் தங்கள் முகத்தை இந்த ஓட்டையில் விட்டுவிட்டுப் போகிறார்கள், தனக்கு அது மிஞ்சுகிறது என்று நினைத்திருந்தாள். போகிறவர்களுக்கும் இங்கே ஓர் ஆள் மிச்சம் இருக்கலாம் என்று இந்த ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

"எட்டு மாசம் ஆச்சு மேடம். சென்னையில கேபிள் வேலை, ரெண்டு மாசத்துல வந்துடுவேன்னாரு. முதல் மாசம் பேசினாரு. அப்புறம் போன் ஸ்விட்ச் ஆப்." பானுமதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தனியாத்தான் போனாருன்னா அவருக்கு என்னமோ ஆயிடுச்சு. நான் போய்த் தேடணும். தையல் கடையில லீவு கிடையாது, வேலைய விட்டுட்டுத்தான் போவணும். விடறேன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கறேன். ஆனா இந்தப் படத்துல ஒரு கை இருக்கு பாருங்க."

பூங்கோதை பார்த்தாள். கொலைகாரனின் முகத்துக்குக் கீழே, கட்டத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் கை. விரலிடுக்கில் இரண்டு டிக்கெட். அந்தக் கையை வரைந்த ஞாயிற்றுக்கிழமைகூட நினைவிருந்தது. முக்கால் பாட்டில் மை அதற்கே போனது.

"சுண்டுவிரல் கோணலா வெளிய திரும்பியிருக்கு. நெஜமாப் பாக்காம அப்படி வரைய முடியாது. யாரு மேடம் அது?"

"பாய் சாப், இன்னும் எவ்ளோ நேரம்?" என்று வரிசையில் பின்னாலிருந்து ஒருவர் முன்னால் நின்றவரைக் கேட்டார். "கப்பலே கிளம்பிடும் போல." யாரோ சிரித்தார்கள். சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் திறக்கும் நாளில் வரிசை வெளியே ஸ்கூட்டர் நிற்கும் இடம்வரைக்கும் போகும்.

மேலே ஓடும் விசிறியில் தாள் பறக்காமலிருக்கப் பூங்கோதை இடது கையால் அதை அழுத்திப் பிடித்திருந்தாள். பானுமதியின் கண்கள் தாளிலிருந்து மெல்ல நகர்ந்து அந்தக் கையில் வந்து நின்றன. பூங்கோதையும் குனிந்து பார்த்தாள். ஏழு வயதில் கதவிடுக்கில் மாட்டிய சுண்டுவிரல், கடைசிக் கணுவில் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அது அப்படி இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"நீங்களா?" என்றாள் பானுமதி. கோபம்கூட இல்லை. எட்டு மாதம் நடந்த களைப்பு மட்டும் அந்தக் கேள்வியில் இருந்தது.

"இல்லம்மா. தாளத் திருப்புங்க."

பானுமதி திருப்பினாள். பின்பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர் பாலித்தீன் பையை வாயருகே பிடித்திருந்தார். சுண்டுவிரல் கோணல். டீ ஊற்றுகிறவனின் கை, கோணல். மணலில் கிடந்த பிணத்தின் கையும் அப்படியே.

"வரையறப்ப எதிர்ல கைய நீட்டிக்கிட்டு உக்கார எனக்கு ஆளில்ல. வலது கையால வரைஞ்சுக்கிட்டே இடது கையப் பாத்துக்குவேன். ஆறு வருஷமா இதே கைதான். எனக்கே இப்பத்தான் தெரியுது."

"பொணத்துக்குமா?"

"பொணத்துக்கும்."

பானுமதியின் வாயோரம் லேசாக அசைந்தது. பெருமூச்சோ சிரிப்போ, ஏதோ ஒன்று வந்துபோயிற்று. தோள்கள் இறங்கின. அவள் மறுபடி படிவத்தை விரலால் உள்ளே தள்ளினாள். "அப்ப அந்தக் கை பொய். தனியாத்தான் போயிருக்காரு. போடுங்க மேடம், கீழ் பெர்த்தா பாத்துப் போடுங்க. எனக்கும் கப்பல் ஒத்துக்காது."

அவ்வளவுதான். படிவத்தில் முத்திரை குத்தினால் போதும். பூங்கோதை சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முத்திரையைக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதன் நின்ற நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரே படிவத்தில் இரண்டு பெயர் எழுதியிருந்தான். லக்கேஜ் பற்றிக் கேட்டான். அது ஊரைவிட்டே போகிற எல்லோரும் கேட்பது. அதற்குப் பிறகு, இன்னும் குனிந்து, வரிசைக்குக் கேட்காத குரலில், "ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல கிடைக்குமா மேடம்? அவங்களுக்குக் கப்பல் புதுசு, பயப்படுவாங்க" என்றான். இந்த ஓட்டை வழியாக அப்படி ஒரு குரல் வந்ததில்லை. கட்டியவளிடம் இவ்வளவு கரிசனமா என்று நினைத்து, அடுத்தடுத்த பெர்த்தாகத் தேடிக் கொடுத்தாள். அன்று முழுக்க அந்தக் குரல் காதிலேயே இருந்தது. வீட்டுக்குப் போய் அவனைக் கொலைகாரனாக வரைந்தாள். ஏன் அப்படி வரைந்தோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. முகவெட்டு பொருத்தமாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டாள். முகவெட்டில் என்ன இருந்தது, சாதாரண முகம். பக்கத்துப் பெர்த்தில் தூங்கப்போகிற அந்தப் பெயர் தெரிந்த, முகம் தெரியாத பெண்மீது வந்த எரிச்சல்தான் அவன் கண்ணுக்குக் கீழே அவ்வளவு கறுப்பாக இறங்கியிருந்தது. இப்போது அவன் மனைவி எதிரில் நிற்கிறாள். கப்பல் அவளுக்குப் புதிதில்லை, ஒத்துக்கொள்ளாது என்பது மட்டும்தான்.

"மேடம்?"

சொல்லாமல் இருந்தால் இந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு, நாலு நாள் வாந்தி எடுத்துக்கொண்டு போய், ஊர் பெயர் தெரியாத ஆஸ்பத்திரிகளில் ஒரு புகைப்படத்தை நீட்டுவாள். அதில் ஒரு நம்பிக்கையாவது இருக்கும். சொல்லிவிட்டால் அதுவும் இருக்காது. தன் கதையில் இந்த இடத்தில் ஒரு கட்டத்தை முழுக்கக் கறுப்பாக அடைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். அந்த வசதி இங்கே இல்லை. கறுப்பு காய்வதற்கான இரண்டு நாளும் இல்லை.

"கை என்னோடது" என்றாள் பூங்கோதை. "கை மட்டும்தாம்மா என்னோடது. டிக்கெட்ட நான் பாத்துத்தான் வரைஞ்சேன்."

பானுமதி தாளைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று அவள் உதடு எண்ணுவது போலிருந்தது. என்ன பெயர், எத்தனை வயது என்று கேட்பாள், அதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று பூங்கோதை காத்திருந்தாள். அவள் கேட்கவில்லை.

"தீதி, ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தினார் பின்னால் நின்றவர்.

படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பானுமதி ஓட்டைக்குள் கையை விட்டாள். விரல் நுனிகள் தாளின் ஓரத்தைத் தொட்டன. தொட்டதோடு சரி. இழுக்கவும் இல்லை, உள்ளே தள்ளவும் இல்லை. பூங்கோதையின் கையில் முத்திரை, மை உலர்ந்துகொண்டிருந்தது. பானுமதியின் ஆள்காட்டி விரலில் ஊசி குத்திக் குத்திப் புள்ளிகளாகத் தடித்த தோல். நகக்கண்ணில் ஒரு நீல நூலிழை. மணிக்கட்டில் ரப்பர் வளையல் அழுத்திய பள்ளம், அதன் ஓரத்தில் மெல்லிய நிழல். சுண்டுவிரல் நேராக இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே சொல்லிக்கொண்டே, பூங்கோதையின் கண் அந்தக் கையை மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை அளந்துகொண்டு போயிற்று. கை அசையாமல் அங்கேயே இருந்தது.