நாறும் மாத்திரை

இரண்டாயிரத்து இரண்டில் ராயபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் இரவு வேலை பார்த்தேன். மருந்தியல் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அது போதும். ஒருநாள் விடிந்து, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் மீன்காரி முத்தம்மா வந்து காலி மாத்திரை அட்டையை மேசைமேல் வீசினாள்.

"இன்னாடா, அழுவிப்போனத வித்துகினு கீறியா? தண்ணில போட்டா கூமுட்ட நாத்தம். அல்லாத்தையும் சாக்கடைல கொட்டிட்டேன்."

என் தூக்கம் போய்விட்டது. அவள் கணவர் மனோகரனுக்கு மறுநாள் இதயக் குழாயில் சாயம் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். சர்க்கரை நோயால் அவருடைய சிறுநீரகம் ஏற்கெனவே பாதிதான். சாயம் அங்கே கிளப்பும் ஆக்ஸிஜன் நச்சை இந்த மாத்திரையில் இருக்கும் அசிட்டைல்சிஸ்டீன் அடக்கலாம் என்று அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். முந்தின நாளே அதைக் குடிக்காமல் வந்தால் படம் எடுக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"யக்கா, அதுல கந்தகம் கீது. வாடை அப்டித்தான்."

"மீனோ மாத்திரையோ, நாறுனா கெட்டது. வாடை பாக்க எனக்கே சொல்லித் தர்றியா?"

கடையில் மிச்சம் ஒரே அட்டை. அதில் ஒன்றைப் பிரித்து டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டினேன். பொங்கியது. அதே நாற்றம். தலைவலி மாத்திரை கேட்டு நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்.

"பாத்தியா? ஒரே லோடு. மொத்தமும் பூட்ச்சி." டம்ளரைத் தெருவில் கவிழ்த்துவிட்டு அட்டைக்குக் கை நீட்டினாள். நான் அதைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன். இதுவும் சாக்கடைக்குப் போனால் மனோகரனுக்குப் படம் கிடையாது.

"பால்சொறா இன்னா வாடைக்கா?"

"மூத்தர வாடை."

"தூக்கிப் போட்ருவியா?"

"லூசாடா நீ? புள்ள பெத்தவளுக்கு அதத்தான் புட்டு பண்ணிக் குடுப்போம். சொறாவுக்கு பொறப்பே அப்டி."

"இதுக்கும் பொறப்பே அப்டித்தான்."

என் பையிலிருந்து அவளே அட்டையை உருவினாள்.

"மொதல்லயே சொறான்னு சொல்றதுக்கு இன்னா? கந்தகமாம், கந்தகம்!"

மனோகரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். படம் எடுத்தார்கள், பெரிய அடைப்பு இல்லை. இரண்டு நாள் கழித்து நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது இரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. சிறுநீரகம் இருந்தபடியே இருந்தது.

"மாத்திரையாலயா சார்?" என்று முத்தம்மா டாக்டரைக் கேட்டாள்.

"இருக்கலாம். நிறையத் தண்ணி குடிச்சதாலயும் இருக்கலாம்."

"தெரியாமயா குடுத்த?"

டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

"இன்னொரு தபா குடிக்கச் சொன்னா எனக்கு கிட்னியே வாணாம்," என்றார் மனோகரன்.

"எனக்கு வேணும். வாய மூடிகினு படு."