காலி அரங்கின் இரைச்சல்

ஏணியின் உச்சிப்படியில் நின்றபடி, ஏசிக் காற்று வரும் ஓட்டைக்குள் கிழித்த ஸ்பாஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தான் சவுண்டுக்காரன். கையில் ஒரு துண்டு, பல்லில் ஒரு துண்டு. கீழே நடு வரிசையில், அத்தனை காலி நாற்காலிகளுக்கு இடையே அவனுடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர், மட்டும் உட்கார்ந்திருந்தார். அசையக் கூடாது, இருமக் கூடாது, எல்லாம் மைக்கில் விழும் என்று அவன்தான் மிரட்டி உட்கார வைத்திருந்தான்.

அத்தான் வேலைக்கு வந்தவரல்ல. வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த வாடை அவருடைய மூச்சிழுப்புக்கு ஆகாது. தியேட்டர் ஏசியில் சும்மா உட்காரட்டும் என்று அக்கா தம்பியோடு தள்ளிவிட்டிருந்தாள். வந்ததும் பாப்கார்ன் கடை எங்கே என்று விசாரித்தார். இன்னும் திறக்கவில்லை என்றதும், இதெல்லாம் ஒரு தியேட்டரா என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அரங்கின் ஒலியைச் சமன் செய்வது அவன் பிழைப்பு. அடைமழை போன்ற ஓர் இரைச்சலை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஓடவிட்டு, நாற்காலிகளில் நிறுத்திய மைக்குகள் அதை எப்படிக் கேட்கின்றன என்று லேப்டாப்பில் கோடாகப் பார்ப்பான்; கோட்டின் இடது பக்கம் கனத்த சத்தம், வலது பக்கம் மெல்லிய சத்தம். பின் வரிசையில் பேஸ் என்கிற கனத்த சத்தம் வீங்கினால் அமுக்குவான். ஓரத்து நாற்காலியில் வசனம் மங்கினால் தூக்கிவிடுவான். அதற்கெல்லாம் முன்னால், எதையும் ஓடவிடாமல், அரங்கின் சொந்த இரைச்சலை ஒருமுறை அளக்க வேண்டும். அன்றைக்கு அங்கேதான் வம்பு. நடு வரிசை மைக்கில் மெல்லிய சீறல் ஒன்று, கோட்டின் வலது பக்கத்தைப் புடைக்க வைத்திருந்தது. ஏசிதான் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான். இந்தத் தொழிலில் எல்லாப் பழியும் ஏசி மேல்தான். அதற்கு வக்கீல் கிடையாது.

இறங்கி ஆபரேட்டர் அறைக்குப் போய் மறுபடி அளந்தான். புடைப்பு போயிருந்தது. கோடு இஸ்திரி போட்டதுபோலக் கிடந்தது. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளக் கை எட்டாததால் ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு இரைச்சலை ஓடவிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சரிசெய்து முடித்து, சீட்டியடித்துக்கொண்டே கீழே வந்தான்.

"எப்படி அத்தான் இருக்கு?"

அத்தான் அசையவில்லை, இருமவில்லை. இத்தனை வருஷ உறவில் அவர் மச்சினன் பேச்சைக் கேட்டு நடந்தது அதுதான் முதல் தடவை.

இதயம் நின்றிருக்கிறது, உயிர் போய்க் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அக்காவிடம் அவன் சொன்னான். சொல்லும்போது அவனே அதை நம்பினான். சாயங்காலம் கை கழுவும்போது நகத்திடுக்கில் ஸ்பாஞ்சுத் துணுக்கு ஒன்று இருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டபோதுதான் அந்த நினைப்பு வந்தது. சீறியது ஏசிதானா? அத்தானின் இழுப்பும் அப்படித்தான் சீறும். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு அவன் காது அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. மைக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவன் ஏணியில் நின்ற நேரத்தில்தான் அந்தச் சத்தம் நின்றது. கீழே ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்காததுகூடப் பரவாயில்லை, நின்றதற்கு அவன் சந்தோஷப்பட்டிருந்தான்.

காரியமெல்லாம் முடிந்து, துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பினார்கள். அக்கா அழுது தீர்த்துவிட்டாள், தூங்கத்தான் இல்லை. படுத்தால் வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது, பயமாக இருக்கிறது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். அந்த நிலையில்தான் தியேட்டர் மேனேஜர் போன் செய்தார். சீறல் திரும்ப வந்துவிட்டதாம். நடு வரிசையில் உட்கார்ந்தவர்கள், யாரோ பக்கத்தில் மூச்சு விடுகிறார்கள் என்று இடம் மாற்றிக் கேட்கிறார்களாம்.

அவனுக்குப் பயத்தோடு கூடவே ஓர் ஆசையும் வந்தது. ஏசியை நிறுத்தினால் சத்தம் நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். நின்றால், அன்றைக்கும் அது வெறும் ஏசிதான். ஒரு மனுஷன் மூச்சு நின்றதற்கு அவன் முதுகைத் தட்டிக்கொள்ளவில்லை என்றாகிவிடும்.

போனில் பேசியது அக்கா காதிலும் விழுந்திருந்தது. செருப்பைத் தேட ஆரம்பித்தாள். துக்க வீட்டிலிருந்து நேராக சினிமாவுக்கா என்று சித்தி வாயில் கையை வைத்தாள்.

"படம் பாக்கப் போகல சித்தி. சத்தம் கேக்கப் போறேன்."

தியேட்டரில் முதல் காட்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. மைக்கை நிறுத்தி லேப்டாப்பைத் திறந்தான். வலது பக்கத்தில் அதே புடைப்பு, அதே இடத்தில், கொஞ்சமும் கூச்சமில்லாமல். ஸ்பாஞ்சு வைத்த இடத்தில் அப்படியே இருப்பதாக ஆபரேட்டர் ஏறிப் பார்த்துச் சொன்னார். பிறகு ஏசி சுவிட்சுப் பக்கம் போய் நின்றார். இவன் கையைத் தூக்கினால் அவர் நிறுத்த வேண்டியது. அதற்குள் அக்கா இருட்டில் வரிசையாக நாற்காலிகளைத் தொட்டுக்கொண்டே போய் ஒன்றில் உட்கார்ந்தாள். எது என்று அவன் சொல்லியிருக்கவில்லை.

"இதுலதான இருந்தாரு?"

"எப்படிக்கா தெரியும்?"

"இங்கதான் நல்லா கேக்குது."

தூக்கப் போன அவன் கை பாதியில் நின்றது.

"நிறுத்தினா தெரிஞ்சிரும்க்கா, எங்கேந்து வருதுன்னு."

"நிறுத்தினா இதுவும் நின்னுருமா?"

"ஏசின்னா நின்னுரும்."

அக்கா தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். "அப்ப வேணாம்டா. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

கையைக் கீழே இறக்கினான். ஆபரேட்டர் ஒன்றும் புரியாமல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, செருப்புச் சத்தம் வராமல் வெளியே போனார்.

அக்காவின் வாய் லேசாகத் திறந்துகொண்டது. விரல்கள் மடியில் தளர்ந்தன. அவள் அசையவே இல்லை. அவன் பார்த்தான், மறுபடியும் பார்த்தான். கூப்பிடத் தைரியம் வரவில்லை. ஸ்டாண்டை அலுங்காமல் தூக்கி, மைக்கின் முனையை அவள் மூக்கருகே கொண்டுபோய் வைத்துவிட்டு லேப்டாப்பைத் திருப்பிக்கொண்டான்.

மைக்கில் மூச்சு மோதினால் எழும்ப வேண்டிய இடம், கோட்டின் இடது ஓரம், தட்டையாகக் கிடந்தது. பிறகு மெல்ல எழும்பி அடங்கியது. அவன் அடுத்ததற்காகக் காத்திருந்தான்.