நீல மூடி

தையற்காரி தன் மகள் சிட்டுவுக்குத் தைக்கும் சட்டைகளில் தையல் விளிம்பெல்லாம் வெளிப்பக்கம்தான் இருக்கும். உள்ளே ஒரு நூல் உரசினால் போதும், குழந்தை முழங்கை மடிப்பைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வாள். கரப்பான் என்னும் தோல் நோய்.

தையற்காரியின் தங்கைக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. இலைகளை ஊறவைத்து, வடித்து, அரிப்பை அடக்கக்கூடும் என்று நம்பிய ஒரு பொருளைப் பிரித்தெடுப்பதிலேயே வருடங்கள் போயிருந்தன.

"உன் மேல வர்ற பச்சை வாசனைக்கு ஆடெல்லாம் பின்னாலயே வரப்போகுதுடி" என்பாள் அக்கா.

அந்தப் பொருள் களிம்பாகிச் சோதனைக்கு வந்தபோது, தங்கைதான் சிட்டுவைச் சேர்க்கச் சொன்னாள். மருத்துவர் இரண்டு ட்யூப் கொடுத்தார். நீல மூடி இடது கைக்கு, வெள்ளை மூடி வலது கைக்கு. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் களிம்பு. எதில் எது என்று அவருக்கும் தெரியாது, தங்கைக்கும் தெரியாது.

சில நாட்களில் இடது கை ஆறத் தொடங்கியது. வலது கை அப்படியே சிவந்து கிடந்தது.

"அம்மா, இந்தக் கை என்ன தப்பு பண்ணுச்சு?" என்றாள் சிட்டு.

தையற்காரி அன்றிலிருந்து நீலத்தையே இரண்டு கைக்கும் தடவினாள். திருப்பித் தரும்போது ட்யூப்களை எடை பார்ப்பார்களே! துண்டுத் துணியைக்கூட வீணாக்காதவள், நீலம் குறையக் குறைய வெள்ளையையும் அதே அளவு வாஷ்பேசினில் பிதுக்கிவிட்டாள்.

அடுத்த பரிசோதனையில் மருத்துவர் இரு கைகளையும் மடக்கிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரி ஆறியிருக்கும்மா" என்று குறித்துக்கொண்டு புது ட்யூப்கள் கொடுத்தார்.

வெளியே நடையில் தங்கை காத்திருந்தாள். "ரெண்டு கையும் ஆறிடுச்சுடி!" என்றாள் அக்கா.

தங்கையின் முகம் வாடிவிட்டது. "ரெண்டுமா? வெறும் களிம்புக்கே ஆறுதுன்னா என் இலைக்கு என்னக்கா வேலை? இன்னும் கொஞ்சம் பேர் கை இப்படி வந்தா சோதனையையே இழுத்து மூடிடுவாங்க."

தையற்காரி சுவரைப் பார்த்தபடி, செய்ததைச் சொல்லிவிட்டாள்.

"அப்ப நீலம்தான்..." தங்கையின் கண்கள் ஒரு கணம் மின்னின. உடனே குரலைத் தாழ்த்தினாள். "உள்ள போய்ச் சொல்லிடாதக்கா. சிட்டுவை நீக்கிடுவாங்க, ட்யூபையும் வாங்கிப்பாங்க. நான் எதுவும் கேட்கல."

"அப்ப மத்த பிள்ளைங்களுக்கு இந்த மருந்து கிடைக்காமலே போயிடுமே?"

தங்கை குனிந்து சிட்டுவின் சட்டைக் கையை இழுத்துவிட்டாள்.

தையற்காரி பையைத் திறந்து பார்த்தாள். உறை பிரிக்காத நீல மூடி. சிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பையை மூடினாள். மறுபடி உள்ளே போனாள்.

மருத்துவர் திட்டவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுதியதை அடித்தார். பிறகு கையை நீட்டினார். வெள்ளையை உடனே கொடுத்தாள். நீலத்தைக் கொடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வெளியே வந்தபோது சிட்டுவின் விரல்கள் முழங்கை மடிப்பை நோக்கிப் போயின. பழக்கமா, அரிப்பா என்று தெரியவில்லை. தையற்காரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கை மற்றக் கையைப் பிடித்தாள்.

இருவரையும் அண்ணாந்து பார்த்த சிட்டு கேட்டாள்: "ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டா நான் எப்படிச் சொறியறது?"