வாயாடியின் வரி

காய்கறிக் கடைக்குப் போனால் அவருடைய மனைவி முதலில் பார்ப்பது தராசைத்தான். தட்டில் எதையாவது வைத்ததும் எடை காட்டி, விலைச்சீட்டை அச்சடித்துத் தருகிற கணினித் தராசு. அதற்குள் ஓடும் கெர்னலில், அதாவது அதை இயக்கும் அடிப்படை நிரலில், பாதி அவள் எழுதியது. "நம்ம பிள்ளை நல்லா வேலை செய்யுது" என்று அவர் காதோடு சொல்லிவிட்டுத்தான் கத்தரிக்காய் பொறுக்கப் போவாள். மகள் பிறந்ததும் வேலையை விட்டவள். அவள் எழுதியதில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்தது, அதுவும் கட்டிய கணவன் வாயால்.

இருவரும் ஒன்றாக வேலை பார்த்த, அவர் இன்னும் வேலை பார்க்கிற கம்பெனியில் புதிய தராசு தயாராகிக்கொண்டிருந்தது. வேகம் வேண்டுமென்று, நிரல் ஓட ஓட என்ன நடக்கிறது என்று சொல்லும் பழைய லாக் செய்திகளையெல்லாம் அணைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தராசு நினைத்தபோது உறைந்து நின்றது. உறைகிற பகுதி யார் எழுதியது என்று மேனேஜர் கேட்டதும், "வேற யாரு, என் வீட்டுக்காரம்மா எழுதினதாத்தான் இருக்கும்" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அதை மொத்தமா தூக்கிட்டுப் புதுசா எழுதிடலாம் சார்" என்றார்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"என் தப்புன்னு பாத்தீங்களா?"

"இன்னும் பாக்கலை."

"பாத்துட்டுத் தூக்கச் சொல்லுங்க" என்று சொல்லி, மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அவர்களுடைய சண்டை கல்யாணத்துக்கும் முந்தியது. அப்போது அலுவலகம் என்பது ஒரே அறை. எதிரெதிராக இரண்டு மேசை, நடுவில் ஒரு பழைய திரை. அவள் லாக் கட்சி. கெர்னல் ஓடுகிற வழியெல்லாம் ஒரு வரி எழுதிவைப்பாள். ஓட்டம் அந்த இடத்தைத் தாண்டும்போது அந்த வரி திரையில் வந்து விழும். மற்றவர்கள் எண்ணும் குறியும் எழுதுவார்கள். இவளோ, "இதோ வந்துட்டேன்", "எடை என்னப்பா ஆச்சு?", "பொறு, மூச்சு வாங்கிக்கறேன்" என்று எழுதினாள். வாயாடி என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர் ட்ரேஸ் கட்சி. நிரலின் துண்டுகளான ஃபங்ஷன்களில் எது எப்போது நுழைந்தது, எப்போது வெளியேறியது என்று கெர்னலே சத்தமில்லாமல் நினைவகத்தில் குறித்துக்கொண்டே போகும். பிறகு எடுத்துப் படித்தால் போதும். "லாக்கு நீ கேட்டதுக்குத்தான் பதில் சொல்லும். ட்ரேஸ் நீ கேக்காததையும் சொல்லும்" என்று அவர் அளப்பார். அளந்துவிட்டு, அவள் இல்லாத நேரம் பார்த்து அவளுடைய வரிகளை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார். நேரில் பேசத் தைரியம் வருவதற்கு முன்னால் அந்தத் திரையில்தான் அவள் பேச்சைக் கேட்டார். அந்த அறையும் அந்தத் திரையும் இன்றைக்கு நினைத்தாலும் அவருக்கு ஏக்கமாக இருக்கும்.

மறுநாள் அலுவலகத்துப் பிள்ளைகள் பழைய லாக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். தராசு உறையவே இல்லை. லாக்கை எடுத்தால் உறைந்தது. "அப்படியே விட்டுடலாமே சார்" என்றார்கள். நோயைப் பார்க்கப் போனால் நோய் ஒளிந்துகொள்கிறது, இதற்குத்தான் ட்ரேஸ் என்று அவர் உற்சாகமாக உட்கார்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மனைவியின் ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகத் தேடினார். ஒன்றிலும் பிசகில்லை.

பிசகு அடுத்ததில் இருந்தது. தட்டுக்கு அடியில் இருக்கும் எடைக்கருவி தயாராகும் முன்பே எடை எண்ணைப் பிடுங்க ஒரு ஃபங்ஷன் முந்திக்கொண்டு நுழைந்திருந்தது. எழுதியவர் சாட்சாத் இவர்தான். அணைத்த லாக்கில் அதற்கு முந்தைய வரி அவளுடையது: "பொறு, மூச்சு வாங்கிக்கறேன்." அந்தச் சொற்கள் மெதுவான கம்பி வழியாக வெளியே போய்ச் சேருவதற்குள் எடைக்கருவி தயாராகிவிடும். இத்தனை வருஷமும் தராசு ஓடியது அந்த வரியின் புண்ணியத்தில். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜரிடம் போய், "தப்பு என்னோடது. அவ எழுதினதைத் தொடாதீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

"தப்பு யாரோடதுன்னு தெரியுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"தெரியும்" என்றாள் அவள், நிமிராமல். "அப்பவே அந்த வரியை முன்ன பின்ன நகர்த்திப் பாத்தேன். உங்க ஃபங்ஷனுக்கு முன்னாடி இருந்தாத்தான் தராசு உறையாம ஓடுச்சு."

அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் யாரோ முட்டுக்கொடுத்து நின்றிருக்கிறோம் என்றால் யாருக்குத்தான் வராது? "லாக்கை எடுக்கணும்னு நான் சொன்னப்பல்லாம் மல்லுக்கு நின்னியே, இந்த ஒரு வரிக்காகவா?"

"ஆமா. ஒண்ணுக்கு மட்டும் சண்டை போட்டா சந்தேகம் வராதா? அதான் எல்லாத்துக்கும் சேத்துப் போட்டேன்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"நான் கண்டுபிடிச்ச அந்த வாரம்தான் முதலாளி உங்களைத் திட்டியிருந்தாரு. இன்னொரு தப்பு வந்தா வேலையே வேணாம்னு போயிடுவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தீங்க. நீங்க சொன்னா செய்யற ஆளு. நமக்குள்ள அப்ப ஒண்ணுமே இல்ல. போயிருந்தா, எந்த உரிமையில நான் தேடிட்டு வர்றது?"

அவருக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு என் ஃபங்ஷனைத் திருத்திடறேன். உன் வரி மட்டும் இருந்துட்டுப் போகட்டும்."

"வேணாம், எடுத்துடுங்க" என்றாள் அவள். "இனிமே எங்க போயிடப் போறீங்க."